எந்தக் கிற்றார் வாங்குவது? கூட்டத்தில் சொல்லி முடிக்காத கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. குறிகட்டுவானில் படகேறி வாசிக்கத் தொடங்கினால் இங்கே இறங்குவதற்குள் பாதிதான் முடியும். மீதியை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். வாசிக்காமல் பின்னூட்டம் மட்டும் போடாதீர்கள்.

போன வெள்ளி பாடசாலையில் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விசயம் தெரியும். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் வாத்தியக் கருவிகளுக்கென்று பணம் அனுப்பியிருக்கிறார்கள். ஹார்மோனியம், மிருதங்கம் வாங்கியாயிற்று. மிச்சப் பணத்துக்குப் பிள்ளைகள் கேட்பது ஒரு எலெக்ட்ரிக் கிற்றார். அதில்தான் பிரச்சினை தொடங்கியது. "கரண்டே ஒழுங்காய் இல்லாத தீவில கரண்ட் கிற்றாரோ?" என்று ஒரு தகப்பன் கேட்டார். "அது மேல்நாட்டுச் சாமான், வயலின் வாங்குங்கோ" என்றார் இன்னொருவர். வாங்கத்தான் வேண்டும் என்று நின்றவர்களும் ஒன்றாக நிற்கவில்லை. ஒருவர் கிப்சன் மாதிரி என்றார், ஒருவர் பென்டர் மாதிரி என்றார், ஒரு பெடியன் போனில் கூரான கொம்பு வைத்த ஏதோவொன்றைக் காட்டினான். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் ஊர் நானா ஒருவர் தோளில் கைபோட்டு, "சேர், நீங்க இதில நிக்கிறது சரியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். இசையைப் பற்றி எங்கள் உலமாக்களிடையே ஒரே கருத்து இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதை இந்தப் பதிவில் தீர்க்கப் போவதில்லை. ஆனால் பணம் எங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. அது அமானிதம். பத்துப் பேர் குளிரில் வேலை செய்து அனுப்பிய காசைப் பிழையான சாமானில் போட்டால், அதற்குத்தான் நாங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். இன்னொன்றும் சொல்லலாம். வெசாக் காலத்தில் இந்த நாடெங்கும் ஒலிக்கும் சிங்கள பௌத்த பக்திப் பாடல்களில் எத்தனையோ, சேலத்தில் பிறந்து இங்கே வந்த மொஹிதீன் பேக் என்ற முஸ்லிம் பாடகரின் குரல். 1991 இல் காலமானார். எங்கள் தீவில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கின்றன. இசை வகுப்புக்குக் கணக்குப் பார்க்க ஒரு முஸ்லிம் வாத்தியார் இருப்பதில் புதினம் இல்லை.

இனி கிற்றாருக்கு வருவோம். எதை வாங்குவது என்று தெரிய, அது ஏன் உண்டானது என்று முதலில் தெரிய வேண்டும். விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களுக்கு வேறு வழியில் யோசிக்க வராது.

1920களில் அமெரிக்காவில் நடனக் கச்சேரிகள் பெருத்துப் போயின. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு, ஊதுகருவிகள், முரசுகள். அதற்கு நடுவில் கிற்றார்காரன் வாசிப்பது அவனுக்கே கேட்காது. எங்கள் கோயில் மேளச்சமாவுக்கு நடுவில் ஒருவர் வீணையோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி. சத்தத்தைப் பெரிதாக்கத் தகரக் கூம்பு வைத்தார்கள், பெட்டியைப் பெருப்பித்தார்கள். கடைசியில் லொஸ் ஏஞ்சலிஸில் ஜோர்ஜ் பொஷாம் என்ற வாத்தியக்காரர் வேறு வழியில் போனார். கம்பியின் சத்தத்தை விட்டுவிட்டு, கம்பியின் அசைவையே பிடித்தார். காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். அந்த இடத்தில் செப்புக்கம்பிச் சுருள் இருந்தால் அதில் மின் உண்டாகும். 1831 இல் பரடே கண்டுபிடித்தது. எங்கள் சாதாரண தரப் பிள்ளைகள் சோதனைக்கு எழுதுவது. அதே மின்காந்தத் தூண்டல்தான். அந்தச் சுருளுக்குத்தான் பிக்கப் என்று பெயர். எலெக்ட்ரிக் கிற்றாரில் மற்றதெல்லாம் மரமும் ஸ்குறூவும்.

1932 இல் அது விற்பனைக்கு வந்தது. வட்ட உடம்பு, நீளக் கழுத்து. பார்க்க அப்படியே தாச்சி மாதிரி. ஆங்கிலத்திலும் பொரிக்கும் தாச்சி என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். இதில் எங்களுக்குப் பிடித்த விசயம், அது நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் கிற்றார் அல்ல. மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கும் ஹவாய்க் கிற்றார். ஹவாய் என்பது பசிபிக் கடலின் நடுவில் கிடக்கும் தீவுக்கூட்டம். ஆக, கரண்ட் கிற்றார் என்ற சாமானே தீவு மக்களின் இசைக்காகத்தான் முதலில் விலைப்பட்டது. "தீவுக்கு எதற்கு இது?" என்று கேட்ட அண்ணை இதைக் கவனிக்க வேணும்.

அந்த ஹவாய் இசை இந்தப் பக்கமும் வந்தது. ரவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் இருந்து வாசித்தார். வான் ஷிப்லி என்பவர் ஹிந்தித் திரைப்பாடல்களை எலெக்ட்ரிக் கிற்றாரில் வாசித்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவை இலங்கை வானொலி கேட்ட வீடுகளுக்குப் பழக்கமான சத்தம்.

தாச்சிக் கிற்றாருக்கு ஒரு குறை இருந்தது. அலுமினியத்தில் வார்த்தது. மேடை விளக்குச் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி கலைந்துவிடும். பிறகு வேறு பொருளுக்கு மாறினார்கள். இதை ஏன் சொல்கிறோம் என்றால், முதல் நாளிலிருந்தே இந்தக் கருவியின் கதை இப்படித்தான்: ஓரிடத்தில் ஒரு தொல்லை, அந்தத் தொல்லைக்கு ஒரு மாற்றம். யாருடைய தொல்லைக்குச் செய்தது என்று தெரியாமல் வாங்கினால், அவர்களுடைய தொல்லைக்கு நாங்கள் காசு கொடுத்ததாக முடியும்.

அடுத்தது கிப்சன். 1936 இல் பெட்டிக் கிற்றாரிலேயே பிக்கப் பூட்டி விட்டார்கள். சார்ளி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் அதைக் கொண்டு ஊதுகருவிக்குச் சமமாகத் தனி வாசித்துக் காட்டினார். காசநோயால் 1942 இல் இறந்தபோது வயது 25. அவருக்குப் பிறகுதான் கிற்றார்காரர் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தார்கள். ஆனால் பெட்டி வெறுமையாக இருந்தால், சத்தம் கூட்டும்போது ஸ்பீக்கரின் ஒலி பெட்டிக்குள் புகுந்து கூவத் தொடங்கும். கல்யாண வீட்டு மைக் கூவுகிற அதே கூவல்.

அதை வெட்டியவர் லியோ பென்டர். இவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. கணக்கெழுதும் வேலை பார்த்தவர். பொருளாதார மந்தத்தில் வேலை போய், 1938 இல் கலிபோர்னியாவின் புலர்ட்டன் என்ற ஊரில் றேடியோ திருத்தும் கடை போட்டார். கடைசிவரை அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது! திருத்த வருகிறவர்களின் முறைப்பாட்டைக் கேட்டுக் கேட்டே கருவி செய்தார். ஒரே மரப்பலகை, உள்ளே வெறுமை இல்லை, ஆகவே கூவல் குறைவு. கழுத்தை ஒட்டவில்லை, நாலு ஸ்குறூவால் பூட்டினார். கழுத்து பழுதானால் கழற்றி வேறு போடு, அவ்வளவுதான். 1950 இல் முதல் மாதிரிகள் வந்தன. ஒரு மாதிரிக்குப் புரோட்காஸ்டர் என்று பெயர் வைத்தார். அதே ஒலிப்பில் கிறெட்ச் கம்பனியின் முரசு ஒன்று ஏற்கெனவே இருந்ததால் பெயரை மாற்ற வேண்டி வந்தது. புதுப் பெயர் வரும்வரை லேபலில் அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டுக் கிற்றாரை விற்றார்களாம். இன்றைக்குப் பெயரில்லாத அந்தக் கிற்றார்தான் சேகரிப்பவர்கள் தேடியலைவது. 1951 இல் அதற்கு ரெலிகாஸ்டர் என்று பெயர் நிலைத்தது. 1954 இல் இரண்டு பக்கமும் கொம்பு வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. பிள்ளைகள் கிற்றார் என்று படம் கீறச் சொன்னால் கீறுவது அதைத்தான்.

1952 இல் கிப்சன் தன் பங்குக்கு லெஸ் போல் மாதிரியை இறக்கியது. அழகான சாமான். கழுத்து ஒட்டியது, உடம்பு பாரம், சத்தம் நீண்டு நிற்கும். கம்பியின் நீளம் பென்டரில் 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த முக்கால் அங்குலத்தில் கம்பியின் இறுக்கம் குறையும், சின்னக் கைக்கு இலகு. கூட்டத்தில் கிப்சன் மாதிரிக்கு வாதாடிய பெடியன் சொன்ன நியாயம் இதுதான். அவன் சொன்னதில் பிழையில்லை.

ஆனாலும் நாங்கள் அதற்கு எதிர். காரணம், கிப்சனின் தலை பின்பக்கம் சரிந்து நிற்கும். மஹோகனி மரம். கிற்றார் மல்லாக்க விழுந்தால் அடி நேரே தலையில் படும், கழுத்து முறியும். உலகம் முழுக்கத் திருத்துகிறவர்களுக்குப் பழகிப்போன முறிவு அது. இங்கே இருந்து குறிகட்டுவான், அங்கிருந்து பஸ், யாழ்ப்பாணத்தில் போட்டி. காற்றுக் காலத்தில் படகில் ஏறி இறங்குவது எங்களுக்கே எப்படி என்று தெரியும். கிற்றாரை ஒரு கையிலும் படகின் கயிற்றை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு ஏறுகிற பிள்ளைக்கு ஒட்டுக் கழுத்து சரிவராது. பென்டர் கோட்டில் தலை நேராக இருக்கும். உடைந்தாலும் நாலு ஸ்குறூ.

ஆனால் பென்டர் கோட்டில் வேறு வில்லங்கம் இருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு குட்டி ஏரியல் மாதிரி. சுற்றிலும் இருக்கிற மின்சாரத்தின் இரைச்சல் முழுவதையும் பிடிக்கும். எங்கள் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த ஆட்டம் "ம்ம்ம்" என்று அம்பிளிபயரில் வரும். ரியூப் லைட், மலிவு எல்ஈடி பல்ப், பக்கத்தில் மோட்டர் இருந்தால் கேட்கத் தேவையில்லை. இதற்கு மருந்து கண்டவர் கிப்சனில் வேலை செய்த சேத் லவர். 1955 இல். இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் காந்தத்தையும் சுற்றையும் மற்றதற்கு எதிராக்கினார். கம்பியின் சத்தம் இரண்டிலும் கூடும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று கழித்துப் போகும். ஹம்பக்கர் என்று பெயர். இரைச்சலை எதிர்ப்பது என்று பொருள். டீசல் ஜெனறேற்றரில் வளர்ந்த தீவுக்கு ஹம்பக்கர் ஒன்றாவது கட்டாயம் வேணும். இது எங்கள் தீர்ப்பு. ஆசையில் சொல்வதல்ல.

சரி, எங்கள் நாட்டில் இதை எப்படித் தெரிவு செய்தார்கள்? பெரும்பாலும் தெரிவே இருக்கவில்லை. கிடைத்ததை வாங்கினார்கள். எங்களுக்கு மட்டுமல்ல. இங்கிலாந்திலேயே 1951 முதல் 1959 வரை அமெரிக்க வாத்தியங்களை இறக்க முடியாது, டொலர் தட்டுப்பாடு. தடை எடுபட்டதும் பாடகர் கிளிப் றிச்சர்ட் (அவர் பிறந்தது இந்தியாவின் லக்னோவில் என்பது பலருக்குத் தெரியாது) தன் குழுவின் ஹேங்க் மார்வினுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கிற்றார் எடுப்பித்தார். தங்களுக்குப் பிடித்த ஜேம்ஸ் பேர்ட்டன் எந்தக் கிற்றார் வாசிக்கிறார் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. பென்டர்தான், ஆகவே ஆக விலைகூடியதாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்தார்கள். உண்மையில் பேர்ட்டன் வாசித்தது விலைகுறைந்த ரெலிகாஸ்டர்! ஆனால் அந்தச் சிவப்புக் கிற்றாரின் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆசியா முழுக்கப் பெடியள் கிற்றார் பிடித்தார்கள். ஊகத்தில் வாங்கியதும் சிலவேளை பலிக்கும். அமானிதப் பணத்தில் ஊகம் வேண்டாம்.

இலங்கையில் கம்பி வாத்தியமும் துள்ளல் தாளமும் போர்த்துக்கேயர் காலத்திலேயே கரையேறிவிட்டன. மட்டக்களப்புப் பறங்கியர் அந்தக் காலத்துக் கபிறிஞ்ஞாவை மறக்கவில்லை. பைலா அதன் பிள்ளை. சிங்கள மெல்லிசைக்கு எலெக்ட்ரிக் கிற்றாரைக் கொண்டுவந்தவர் என்று ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவைச் சொல்வார்கள். 1960களின் நடுவில் மூன்ஸ்டோன்ஸ் குழு. இந்தப் பக்கத்தில் உரும்பிராய் நித்தி கனகரத்தினம், பிறகு ஏ.ஈ. மனோகரன். பொப் இசைப் பாடல்கள் என்று நாங்கள் எங்கள் வாப்பாமாரின் வாயில் கேட்டவையெல்லாம் இவர்களுடையவை. யாழ்ப்பாணத்தில் 1970களில் கண்ணன் கோஷ்டி. திருவிழா இரவுகளில் நாதஸ்வரம் ஓய்ந்த பிறகு கிற்றார் ஏறும். இவர்கள் வளர்ந்த காலத்தைக் கவனியுங்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். பருப்புக்கும் மிளகாய்க்குமே தட்டுப்பாடு. வாத்தியத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. றேடியோ திருத்துகிறவர் கட்டிக்கொடுத்த அம்பிளிபயரில் வாசித்தோம், சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்துப் பார்த்தோம் என்றெல்லாம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறேக் கம்பிக் கதையை நாங்கள் முழுக்க நம்பவில்லை. ஆனால் சொன்னவர் சத்தியம் பண்ணினார்.

தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறைக்குத் தனி வழி இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு (1962–65) கத்தோலிக்கத் தேவாலயங்களில் தமிழில் பூசை, தமிழில் பாடல். ஓர்கன் இல்லாத தேவாலயத்துக்குக் கிற்றார் கைகொடுத்தது. இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பழகுகிற கிற்றார், ஒரு தேவாலயப் பாடற்குழு இரவல் தந்ததுதான். பெட்டிக் கிற்றார். முதுகில் வெடிப்பு, இரண்டு கம்பி துரு. அவர்களுக்கு எங்கள் நன்றி.

பிறகு 1990. அந்த ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். அந்தக் கதையை வேறு பதிவுகளில் எழுதியிருக்கிறோம், இங்கே நீட்டவில்லை. சோனகதெருவில் எங்கள் உறவினர் வீட்டில் ஒரு ஹார்மோனியம் இருந்தது. எடுத்துவர முடியாத சாமான்களில் அதுவும் ஒன்று. ஊரில் நின்ற தமிழ்ச் சகோதரர்களுக்கும் கரண்ட் இல்லாத காலம் அது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட சாமான்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் மற்றவர்கள் றேடியோ கேட்ட காலம். பாட்டுப் பிடித்தால் கால் வேகமாகச் சுற்றுமாம். அலுத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயுமாம். அந்த வருசங்களில் யாழ்ப்பாணத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிற்றார் என்பது பாரமான ஒரு பலகை. வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் நாட்டிலும் இல்லை. கூட்டத்தில் அந்தத் தகப்பன் "கரண்ட்" என்று சொன்னபோது ஒருவரும் சிரிக்காததற்குக் காரணம் இதுதான். அவர் அந்தக் காலத்தில் மிதித்தவர்.

அவருக்குச் சொல்ல எங்களிடம் இரண்டு பதில்.

ஒன்று, கிற்றார் பிக்கப் மின்சாரம் கேட்பதில்லை. அது மின்சாரத்தை உண்டாக்குவது, கம்பி அசைகிற அளவுக்கு. கரண்ட் தேவைப்படுவது அம்பிளிபயருக்கு. பழகுவதற்கான சின்ன அம்பிளிபயர்கள் பென்டோர்ச் பற்றரி ஆறில் ஓடக்கூடியவை கடைகளில் இருக்கின்றன. லைட் நின்றாலும் வகுப்பு நிற்காது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச் 1 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற் சூரியன், 530 கிலோவாற் காற்று, சேமிக்கப் பற்றரி. அதற்கு முந்திய வருசங்களில் அந்தத் திட்டம் சீனக் கம்பனியா இந்தியாவா என்று இழுபட்டது ஊருக்கே தெரியும். கடலில் இருக்கிற குட்டித் தீவின் பல்ப் இரண்டு வல்லரசுகளின் கையில்! ஒரு பெடியன் கிற்றார் பழக அதை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆறு பற்றரி போதும்.

இரண்டாவது பதில் விளையாட்டல்ல. 1972 மே மாதம் பிரித்தானியாவின் சுவான்சி நகரில் லெஸ் ஹாவி என்ற கிற்றார்காரர் மேடையிலேயே இறந்தார். கையில் கிற்றார், மைக்கைத் தொட்டார். எர்த் ஒழுங்காக இல்லை. கிற்றாரின் கம்பிகள் அம்பிளிபயரின் எர்த்தோடு தொடுபட்டவை. மைக்கின் பக்கத்தில் கசிவு இருந்தால், நடுவில் நிற்கிற பிள்ளையின் உடம்பு வயராகிவிடும். எங்கள் மண்டபத்தின் வயரிங் எந்தக் காலத்தது என்று அதிபருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே மிச்சப் பணத்தில் முதல் செலவு கிற்றார் அல்ல. எர்த் கோலும் ட்ரிப் சுவிட்சும். இதைப் பழைய மாணவர்களுக்கு எழுதிக் கேட்டோம். சம்மதித்துவிட்டார்கள். திருவிழாக்காலத் தற்காலிக மேடைகளில், யார் கேட்டாலும், எங்கள் பிள்ளைகள் பற்றரி அம்பிளிபயரில்தான் வாசிப்பார்கள். அதன் வாயில் மைக் வைத்துக்கொள்ளலாம். இதில் தயவுசெய்து யாரும் வற்புறுத்த வேண்டாம்.

"மேல்நாட்டுச் சாமான்" என்ற வாதத்துக்கு ஒரு பெயர் மட்டும்: யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்து, 1981 இல் சென்னையில் சிறுவனாக மேடையேறி, 2014 இல் 45 வயதில் மறைந்தார். மண்டலின் இத்தாலியச் சாமான். இரட்டைக் கம்பி, தட்டினால் உடனே அடங்கிப்போகும் சத்தம். கமகத்துக்கு ஒலி நின்று நீள வேண்டும். அவர் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து போட்டு, மின்சாரம் பூட்டி, அந்த நீட்சியை எடுத்தார். கர்நாடக இசை கேட்கிறவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வயலினும் மேல்நாட்டிலிருந்து வந்ததுதானே, அண்ணை?

இனிப் பிள்ளைகளின் கை. பன்னிரண்டு பேர் பழகுகிறார்கள். அவர்களில் ஆகத் திறமாக வாசிப்பவள் இடக்கைப் பிள்ளை. இது கூட்டத்தில் பேசப்படவில்லை, பேசியிருக்க வேணும். இடக்கைக் கிற்றார் என்று தனியாகச் செய்கிறார்கள்; கடையில் அரிது, தெரிவு குறைவு. வாங்கினால் அவள் மட்டும் வாசிக்கலாம், மற்றப் பதினொரு பேருக்கும் உதவாது. அவள் உயர்தரம் முடித்துப் போனால் அது அலுமாரிக்குள். அவளை வலக்கைக்கு மாற்றலாமே என்று ஒரு ஆசிரியர் சொன்னார். எங்கள் காலத்தில் இடக்கையால் எழுதினால் அடிமட்டத்தால் அடி விழும். அந்தப் பாவம் இனி வேண்டாம். சாப்பாட்டு மேசையின் ஒழுக்கம் வேறு, கிற்றார் வேறு.

ஜிமி ஹென்றிக்ஸ் இடக்கைக்காரர். வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டி வாசித்தார். அல்பேர்ட் கிங் கம்பிகளையும் மாற்றவில்லை, தலைகீழாகவே வாசித்தார். எலிசபெத் கொட்டன் என்ற பெண்மணியும் அப்படித்தான். சிறு வயதில் வீட்டுவேலைக்குப் போய், மாதம் 75 சதம் சம்பளத்தில் சேர்த்து, 3 டொலர் 75 சதத்துக்குத் தன் முதல் கிற்றாரை வாங்கினார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, தலைகீழாகப் பழகினார். கட்டைவிரல் மெட்டு வாசிக்க, மற்ற விரல்கள் கட்டைச் சுருதி பிடிக்கும். பிறகு அதையே ஒரு பாணி என்று உலகம் படித்தது.

எங்கள் பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. இரவல் கிற்றாரில் மற்றவர்களின் கம்பியை மாற்றக் கூடாது என்பதால் அவளாகவே தலைகீழாகப் பழகியிருக்கிறாள். "உங்களுக்கு எது வசதி மகள்?" என்று கேட்டோம். "எதெண்டாலும் சரி சேர், மேல் கட்டைக்குக் கை போனால் காணும்" என்றாள். இந்த ஒரு வசனம் கூட்டத்தின் இரண்டு மணி நேரத்தைவிடத் தெளிவு. திருப்பிப் பிடித்தாலும் மேல் கட்டைக்குக் கை போக இரண்டு பக்கமும் கொம்பு வெட்டு இருக்க வேணும். லெஸ் போல், ரெலிகாஸ்டர் இரண்டிலும் ஒரு பக்கம்தான். அவை இத்தோடு போயின.

ஆகவே தேடுவது இது: ஸ்ட்ராட்டோகாஸ்டர் கோடு, ஸ்குறூக் கழுத்து, கம்பிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஹம்பக்கர். எங்கள் பணத்துக்குள் இப்படி இரண்டு வகை வரும். ஒன்று யமஹா பசிபிக்கா. 1990 இல் வந்த வரிசை, அதன் சாதாரண மாதிரியிலேயே இரண்டு ஒற்றைச் சுருளும் ஒரு ஹம்பக்கரும் இருக்கும். மற்றது பென்டரின் மலிவுப் பெயரான ஸ்குவயர். 1970களின் கடைசியில் ஜப்பான்காரர் பென்டரைவிடத் திறமாகப் பென்டர் செய்யத் தொடங்க, பொறுக்க முடியாமல் 1982 இல் பென்டரே ஜப்பானில் செய்வித்து இந்தப் பெயரில் விட்டது. ஸ்குவயரில் ஹம்பக்கர் உள்ள மாதிரியைப் பார்த்து எடுக்க வேணும், எல்லாவற்றிலும் இல்லை. பெயர் தெரியாத மலிவுக் கிற்றார் வேண்டாம். கட்டை தேய்ந்தாலும் சுருதிச் சாவி வழுக்கினாலும் உதிரி கிடைக்காது.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிப் போனதிலிருந்து புதுச் சாமானின் விலை எங்களுக்கு எட்டாத உயரம். பாவித்ததும் பார்ப்போம். பார்ப்பவர்கள் கவனிக்க: கழுத்தை ஓரத்திலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள், வளைவு தெரியும். ஒவ்வொரு கட்டையிலும் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேளுங்கள். வயரைச் செருகி அசைத்துப் பாருங்கள், கரகரத்தால் செருகி பழுது. பாலத்தின் குட்டி ஸ்குறூக்களில் துரு இருந்தால் விட்டுவிடுங்கள்; எங்கள் உப்புக் காற்று மிச்சத்தையும் தின்னும். ஆட்டுகிற கைபிடியும் பின்னால் சுருள்வில்லும் உள்ள மாதிரி கிடைத்தால், உள்ளே மரக்கட்டை செருகி அசையாமல் ஆக்கிவிடலாம். ஊர்த் தச்சரிடம் பேசியாயிற்று. கம்பி இரண்டு செற், மேற்பூச்சு உள்ளதாக வாங்க வேணும். விலை கூட, ஆனால் கடற்கரையில் நின்று பிடிக்கும். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் துடைப்பது பிள்ளைகளின் வேலை. அதற்கு முறை போட்டு எழுதியாயிற்று.

கூரான கொம்புக் கிற்றார் கேட்ட தம்பிக்கு: அது பைக்குள் போகாது.

வரும் சனி முதல் படகில் மூன்று பேர் யாழ்ப்பாணம் போகிறோம். இசை ஆசிரியை, நாங்கள், பிள்ளை. அவளுடைய உம்மாவும் வரச் சம்மதம். கடையில் அவள் திருப்பிப் பிடித்துப் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அங்கே சரிவராவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிப்போம், இன்ஷா அல்லாஹ். அந்த "கரண்ட்" தகப்பனையும் கூப்பிட்டிருக்கிறோம். எர்த் கோல் நல்லதாகப் பார்த்து வாங்க அவரைவிட ஆள் இல்லை. யோசிக்கிறன் என்றிருக்கிறார்.

பற்றுச்சீட்டுகளும் மீதிக் கணக்கும் திங்கள் காலை பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். வெளிநாட்டு உறவுகளுக்குப் படம் எடுத்து இதே பக்கத்தில் போடுவோம். யாரிடமாவது பாவிக்காமல் கிடக்கிற கிற்றார் வயர், தோள்பட்டி இருந்தால் வெள்ளிக்கு முன் சொல்லுங்கள்.